மணத்துக்கு ஓர் உரிமம்

ரொட்டி வெந்தால் மணக்கும். இந்த உண்மைக்கு நெடுங்காலமாக யாரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

விடியற்காலையில் எங்கள் சித்தி அடுப்பைத் திறந்தால் தெருமுனை வரை மணக்கும். அலாரம் வைத்துப் படுத்தவர்கள்கூட அது அடிக்கும் முன்பே எழுந்து பையோடு வந்துவிடுவார்கள். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒன்று மாட்டலாமே என்று கேட்டால், "மூக்கு இருக்கிறவங்க வந்தா போதும்" என்பாள் சித்தி.

மாவு விஷயத்தில் அவள் பொல்லாதவள். மூட்டையைப் பிரித்ததும் ஒரு கை மாவை எடுத்து, எலுமிச்சைச் சாறு பிழியச் சொல்வாள். அது என் வேலை. நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது என்று அர்த்தம். மூட்டை வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். மாவு மண்டிக்காரர் மீது அவள் கொடுத்த புகார் மட்டும் எந்த வண்டியிலும் திரும்பி வரவில்லை.

இந்த நிலையில் தெருவின் மறுகோடியில் ரொட்டித் தொழிற்சாலை ஒரு விற்பனை நிலையம் திறந்தது. கண்ணாடிக் கதவு, குளிர்காற்று, சீருடைப் பெண்கள், எல்லாம் இருந்தன. மணம் மட்டும் இல்லை. எந்த ஊரிலோ என்றைக்கோ வெந்து, உறைக்குள் மூச்சடக்கிக்கொண்டு வந்த ரொட்டி அது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றார்கள். ஜனங்கள் இலவசத்தைத் தெருநாய்க்குப் போட்டுவிட்டுச் சித்தி கடைக்கு வந்தார்கள். நாயும் பின்னாலேயே வந்தது.

ஆகவே தொழிற்சாலை பொதுநலனைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தது.

கவலையின் பலனாக ஓர் ஆணையம் பிறந்தது. ரொட்டி மணம் (எல்லை தாண்டுதல் தடுப்பு) விதிகள் பிறந்தன. விளம்பரத்துக்கு எல்லோரும் பணம் கட்டும்போது, ஒரு கடை மட்டும் காற்றின் வழியே இலவசமாக விளம்பரம் செய்வது நியாயமா என்று முன்னுரை கேட்டது. கேட்டவரே நியாயமில்லை என்று பதிலும் எழுதியிருந்தார்.

ஆணையம் வருகிறது என்றதும் சித்திக்கு ஒரே சந்தோஷம். "அப்பாடா, இப்பவாவது அந்த மண்டிக்காரனைக் கேப்பாங்க" என்றாள்.

மண ஆய்வாளர் வந்தார். வாசற்படியில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டார்.

"அம்மா, உங்க மணம் இந்தக் கோட்டைத் தாண்டுது."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"உதவியாளர் சொன்னாரு. எனக்கு காலேஜ் படிக்கிற காலத்துலேருந்தே மூக்கடைப்பு."

சித்தி கையிலிருந்த மாவை உதறினாள். "மோந்து பார்க்கிற வேலைக்கு மூக்கடைச்சவரையா போட்டாங்க?"

"அதனாலதான் போட்டாங்க. மூக்கு வேலை செஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும். எனக்கு முன்னாடி இருந்தவரு ஒழுங்கா மோந்து பார்த்தாரு. ஒரே மாசத்துல பேன்ட் பத்தாம போச்சு. மாத்திட்டாங்க."

"பேன்ட்டையா?"

"அவரை."

சித்தி விடவில்லை. "அது இருக்கட்டும் சார். மாவுல சுண்ணாம்பு கலக்குறாங்களே, அதைக் கொஞ்சம் பாருங்களேன்."

ஆய்வாளர் மிகுந்த அனுதாபத்தோடு தலையசைத்தார். "சுண்ணாம்பு மணக்காதேம்மா. மணக்காத பொருள் எங்க வரம்புக்குள்ள வராது."

இன்னொரு தடவை மணம் கோட்டைத் தாண்டினால் கடைக்குச் சீல் என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தி கதவு, ஜன்னல், புகைபோக்கி எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு ரொட்டி சுட்டாள். ரொட்டியோடு சேர்ந்து நாங்களும் வெந்தோம். உள்ளே மணம் இடித்துக்கொண்டு நின்றது. வெளியே ஆள் இல்லை.

அதற்குள் காலம் மாறிவிட்டது. கட்டுப்பாடு என்ற சொல்லே நாகரிகமற்றது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஆணையத்தின் புதிய ஆலோசகர் கோட் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து, வாசற்படியில் இருந்த வெள்ளைக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தார்.

"எந்தக் கிறுக்கன்மா இந்த விதியை எழுதினான்?"

எழுதியவர் அவர்தான். அப்போது மீசை வைத்திருந்தார்.

"இனிமே தடை இல்லை. மணத்தை சந்தைகிட்ட விட்டுட்டோம். இந்தத் தெரு தாங்கக்கூடிய மணம் இவ்வளவுன்னு கணக்குப் போட்டு, விற்பனைக்குத் தகுந்த மாதிரி மண உரிமையைப் பிரிச்சுக் கொடுத்திருக்கோம். தொழிற்சாலை நாடு பூரா விக்குது. அதனால பெரும்பங்கு அவங்களுக்கு."

"அவங்க ரொட்டிதான் மணக்கவே மணக்காதே!"

"கரெக்ட்! அதனாலதான் அவங்ககிட்ட உரிமை மிச்சம் இருக்கு, உங்ககிட்ட பத்தலை. மிச்சம் இருக்கிறவங்ககிட்ட இல்லாதவங்க வாங்கிக்கணும். இதுக்குப் பேர்தான் சுதந்திரம்."

சித்தி சற்று யோசித்தாள். "என் அடுப்பு மணக்கிறதுக்கு நான் அவங்களுக்கு வாடகை கட்டணும்?"

"எவ்வளவு சட்டுனு புரிஞ்சுக்கிட்டீங்க! மந்திரிக்கே ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்துச்சு."

"மாவுல சுண்ணாம்பு..."

"சந்தை பார்த்துக்கும்மா."

வாடகை ஏற ஏற சித்தியின் ரொட்டி இளைத்தது. சுடுகிறவளுக்கு வாடகை, மணக்காதவனுக்கு வசூலா என்று தெருவே கொதித்தது. எதிர்வரிசை இஸ்திரிக்கடை அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முழங்கினார்: "சர்க்காரும் வேணாம், சந்தையும் வேணாம். மணம் மக்கள் சொத்து!"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மணக் கூட்டுறவுச் சங்கம் உதயமாயிற்று.

முதல் கூட்டத்தில், காற்று வீசும் திசையில் இருக்கும் வீடுகளுக்கே மணம் அதிகம் போகிறது, இது சமத்துவத்துக்கு விரோதம் என்று மேற்கு வரிசைக்காரர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். இரண்டாவது கூட்டத்தில், சித்தி ஒருத்திதான் மணத்தை உண்டாக்குபவள், ஆகவே சுயநலம் இருக்கும், அவளுக்கு ஓட்டு கூடாது என்று தீர்மானமாயிற்று. உட்கார நாற்காலி இல்லாமல் எல்லோருக்கும் கால் வலித்தது. தொழிற்சாலைக் கடையின் மேனேஜரும் அதே தெருவில் குடியிருப்பவர் என்பதால் அவரும் உறுப்பினர். அவர் நாற்காலி அனுப்பினார். டீ அனுப்பினார். மூன்றாவது கூட்டம் அவர் கடையிலேயே நடந்தது. நாற்காலி யாருடையதோ, தலைமை அவருடையது ஆயிற்று.

தலைவர் மிகவும் நேர்மையான ஒரு தீர்வு சொன்னார். சித்தியின் அடுப்பிலிருந்து ஒரு குழாய். அது தொழிற்சாலைக் கடையின் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் திறக்கும். மேற்கு, கிழக்கு என்ற பேதமில்லாமல் எல்லோரும் அங்கே வந்து, குளிர்காற்றில் நின்று, சமமாக மோந்துகொள்ளலாம். சித்திக்கு மண உற்பத்தியாளர் என்று உரிமம், மாதச் சம்பளம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"அப்ப நான் சுடுற ரொட்டி?" என்று கேட்டாள் சித்தி.

ஆலோசகர் விதியைப் புரட்டினார். இப்போது தாடி வைத்திருந்தார். "நீங்க உற்பத்தி பண்றது மணம். அது போக மிஞ்சுறது கழிவு. கழிவை விக்கக் கூடாது. பின்வாசல்ல போட்டுடுங்க."

அன்று முதல் தெரு ஜனங்கள் குழாய் வாயில் நின்று மூச்சை இழுத்து, அந்த மயக்கத்திலேயே உறை ரொட்டியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

சில நாள் கழித்து ஒரு காலையில் பின்கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். மூக்கடைப்பு ஆய்வாளர். பையை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தார்.

"அம்மா, கொஞ்சம் கழிவு கிடைக்குமா? வீட்டுல குழந்தைங்க கேக்குது."

மறுநாள் இஸ்திரிக்கடை அண்ணன் வந்தார். அதற்கு மறுநாள் மேற்கு வரிசை, பிறகு கிழக்கு வரிசை. பிறகு மேனேஜரின் மனைவி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. கழிவுக்கு விலை இல்லை என்பதால் ஜனங்கள் ஜன்னல் ஓரத்தில் பணத்தை மறந்து வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் ஒரு நாளும் மறக்க மறக்கவில்லை.

நேற்று அந்த வரிசையில் சண்டை. ஆய்வாளர் முன்னால் புகுந்துவிட்டாராம். இஸ்திரிக்கடை அண்ணன் அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார், அவரே இஸ்திரி போட்ட காலர்.

"கழிவு வாங்குறதுக்கு ஒரு முறை வேணாமா? இதைக் கேக்க ஒரு ஆபீஸ் இல்லையா இந்த நாட்டுல?"

"அதானே!" என்றது வரிசை முழுவதும்.

வரிசையின் கடைசியில் பையோடு நின்றிருந்த ஆலோசகர், தாடியைத் தடவிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

சத்தம் அடங்கட்டும் என்று நான் உள்ளே வந்து புது மூட்டையைப் பிரித்தேன். பழக்க தோஷத்தில் எலுமிச்சையைப் பிழிந்தேன். சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை பொங்கியது.

"சித்தி! முக்கால்வாசி சுண்ணாம்பு. வண்டி இன்னும் போகலை, திருப்பி ஏத்தச் சொல்லவா?"

சித்தி எட்டிப் பார்த்தாள். வெளியே வரிசையையும் பார்த்தாள். பிறகு மூட்டையை அப்படியே தொட்டியில் கவிழ்த்தாள்.

"கழிவுக்கு எதுக்குடி தரம்?" என்றாள். "எந்த விதியில இருக்கு, காட்டு."

அந்த மாவு வெந்து அடுப்பைத் திறந்தபோது பின்வாசலில் சண்டை சட்டென்று நின்றது. எல்லோரும் கண்ணை மூடி மூச்சை இழுத்தார்கள்.

"ஆகா, அதே மணம்" என்றார் ஆய்வாளர்.