மணலில் பழகிய மோட்டார் சைக்கிள்

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. எத்தாளையிலிருந்து புத்தளத்துக்கு மனைவியையும் ஒரு சட்டி வட்டிலப்பம் என்கிற தேங்காய்ப்பால் இனிப்பையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

மனைவியின் மூத்த சகோதரியை நாங்கள் ராத்தா என்போம். ராத்தாவின் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஏற்கனவே இரண்டு சம்பந்தம் பேசிக் கைவிட்டுப் போயிருந்தது. "இந்த இடமும் தவறிச்செண்டா புள்ள மனசு ஒடஞ்சி போகும், நேரத்தோட வாங்க" என்று ராத்தா சொல்லியனுப்பியிருந்தார்.

என் முதல் மோட்டார் சைக்கிளை வாங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. சிவப்பு நிறம். சிவப்பு இல்லாத இடமெல்லாம் துரு.

விற்றவரே ஓட்டவும் பழக்கினார். கண்டக்குழி ஜப்பார் நானா, மீன்பிடிக்காரர். பழக்கிய இடம் கடற்கரை.

"எக்ஸிலேட்டர விட்டாத் தானா நிக்கும். பிரேக்க மட்டும் தொட்டுராதே. தொட்டா மூஞ்சி குத்தி விழுவே!"

மணலில் அது முழு உண்மை. கையை விட்டால் மணல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையும் மணல்தான். இரண்டு வாரமும் நான் பிரேக்கைத் தொடவேயில்லை. பெரிய ஓட்டுநர் என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவி சுலைஹா பின்னால் ஏறி, சட்டியை மடியில் வைத்தாள். அவள் இப்போது இல்லை, மௌத்தாகி ஏழு வருஷம். இருந்திருந்தால் இதை எழுத விட்டிருக்க மாட்டாள்.

"ஒரு கையால என்னப் புடி" என்றேன்.

"ரெண்டு கையும் சட்டிக்கு" என்றாள்.

தார் றோட்டில் ஏறியதும் வண்டி பறந்தது. எனக்கும் சந்தோஷம். முன்னால் போன பஸ் நிற்கும் வரைதான்!

எக்ஸிலேட்டரை விட்டேன். வண்டி நிற்கவில்லை. பஸ்ஸின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பளிச்சென்று ஒரு யோசனை. றோட்டோரத்து மணலுக்குள் இறக்கினேன். வண்டி மரியாதையாக நின்றது.

அதற்குப் பிறகு அதுதான் என் வழி. ஆடு குறுக்கே வந்தால் மணல். பஸ் நின்றால் மணல்.

"ஏங்க அடிக்கடி மணலுக்குள்ள எறங்குறீங்க?"

"எஞ்சின் சூடாகுது. ஆற விடணும்."

பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்ப வேண்டியிருந்ததால் நிற்காமலே தப்பினேன். அல்லாஹ் காப்பாற்றினான்.

ஆனால் புத்தளம் டவுனில் றோட்டோரம் மணல் இல்லை. சாக்கடைக் கான் இருந்தது. கடை இருந்தது. மனிதர்கள் இருந்தார்கள்.

ராத்தா வீட்டு வாசலில் மாப்பிள்ளை வீட்டார் அப்போதுதான் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கையை விட்டேன். வண்டி வீட்டைத் தாண்டிப் போனது.

"ஊடு போகுது!" என்றாள் சுலைஹா.

"தெரியும்."

மாப்பிள்ளையின் வாப்பாவைப் பார்த்து ஸலாம் சொன்னேன். வேறென்ன செய்ய?

வளைத்துத் திருப்பி வந்தேன். இம்முறை முன்கூட்டியே கையை விட்டேன். வீட்டுக்கு முன்னாலேயே வண்டி ஆடத் தொடங்கியது. விழப் போகிறோமென்று மறுபடி முறுக்கினேன். மறுபடியும் வீட்டைத் தாண்டினோம். விறாந்தையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் வாப்பாவுக்கு இரண்டாவது ஸலாம். அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"தம்பி, எங்க போறீங்க?" என்று கத்தினார் ராத்தாவின் கணவர்.

"வாறம்!" என்று கத்திக்கொண்டே போனேன்.

"பிரேக் எண்டு ஒண்டு இரிக்கிதாமே, அதப் புடிங்க!" என்றாள் சுலைஹா.

"அதத் தொட்டா விழுவோம்!"

"ஆரு சொன்ன?"

"ஜப்பார் நானா!"

"அவர் தோணி ஓட்டுறவர்!"

நியாயமான பேச்சுத்தான். யோசிக்க நேரமில்லை. மூன்றாம் தடவை வரும்போது விறாந்தையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அப்போதுதான் கண்ணில் பட்டது. பக்கத்து வீட்டில் புதுச் சுவர் கட்ட மணல் குவித்திருந்தார்கள்.

மணல்! பிஸ்மில்லாஹ் சொல்லி நேராக விட்டேன்.

வண்டி நின்றது. நாங்கள் நிற்கவில்லை.

நான் குவியலுக்கு அந்தப் பக்கம். சுலைஹா உச்சியில். சட்டி அவள் மடியில் நிமிர்ந்தே இருந்தது. முக்காடுதான் முழுக்க மணல்.

ராத்தா வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. ராத்தாவின் மகள்! தலையைக் குனிந்து, வாயைத் திறக்காமல் இருக்கச் சொல்லி உள்ளே வைத்திருந்த பிள்ளை, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். ராத்தா தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்றாவது இடமும் போய்விட்டது என்றே நானும் நினைத்தேன்.

மாப்பிள்ளையின் உம்மா கேட்டார். "ஆரு சிரிச்ச?"

ராத்தா மெதுவாக ஜன்னலைக் காட்டினார்.

"அந்தப் புள்ளயத்தான் நாங்க பாக்க வந்த? கூட்டி வாங்க. எங்கட ஊட்டுல எல்லாரும் மூஞ்சத் தூக்கிட்டு இரிக்கிறவங்க. சிரிக்கிற ஒரு ஆள் வேணும்."

வட்டிலப்பம் முடிவதற்குள் சம்பந்தம் முடிந்தது.

எழும்பும்போது மாப்பிள்ளையின் வாப்பா தொண்டையைச் செருமினார். "எங்களுக்குச் சீதனம், வீடு, காணி ஒண்டும் வேணாம். ஒரே ஒரு நிபந்தனை."

ராத்தாவின் கணவருக்கு வேர்த்தது.

மாப்பிள்ளையின் வாப்பா என்னைக் காட்டினார். "மாப்புள ஊர்வலம் வாற அண்டைக்கு இவர் வண்டி ஓடப்படாது."

அந்தக் கல்யாணத்துக்கு எங்கள் பக்கம் கொடுத்த சீதனம் அது ஒன்றுதான்.