மிதிவெடிக் காக்காவின் தனிச் சஹன்

கல்முனைக் கரையில் பூமியை நம்பாத ஒரே மனிதர் எங்கள் மிதிவெடிக் காக்காதான். தார் ரோட்டைக்கூடக் குடை நுனியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பார். பள்ளிவாசல் பாயும் தப்பியதில்லை. இராணுவத்தில் பல வருடம் மிதிவெடி தேடி எடுத்தவர். யுத்தம் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், "அது உனக்குத் தெரியும், மண்ணுக்குத் தெரியுமா?" என்பார்.

பின்னால் வருபவர்கள் அவர் மிதித்த இடத்தில்தான் மிதிக்கவேண்டும். ஒருவரை அடக்கப் போன ஜனாஸாவில் அவர் முந்திக்கொண்டதால் ஊரே ஒற்றை வரிசையில் மையவாடிக்குப் போனது. சந்தூக்குப் பெட்டியைச் சுமந்தவர்கள் பட்ட பாட்டை உள்ளே கிடந்த மையித்து மட்டும்தான் கண்டுகொள்ளவில்லை.

இதையெல்லாம் பொறுக்கலாம். கலியாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டில் தனியாகக் குந்திக்கொள்வாரே, அதைத்தான் பொறுக்க முடியாது. தன் முன்னால் கிடக்கும் சோற்றை மட்டும் தின்பார். மற்ற ஐந்து பங்கையும் தொடமாட்டார், தொடவும் விடமாட்டார். கேட்டால், "என்ட கூட்டாளிமாருட இடம்" என்பார். அந்த ஐவரும் இராணுவத்தில் அவரோடிருந்து வெடியில் போய்ச் சேர்ந்தவர்கள் என்பது ஊருக்கே தெரியும். அதனால் வீட்டுக்காரர்கள் மனதுக்குள் மட்டும் ஏசிக்கொள்வார்கள்.

என் தங்கச்சி கலியாணத்தில் ஒரு சஹன் குறைந்துவிட்டது. மாப்பிள்ளையின் சாச்சாமார் நால்வர் இடமில்லாமல் நின்றார்கள். அவர்கள் பசியோடு திரும்பினால் தங்கச்சி காலமெல்லாம் பேச்சுக் கேட்கவேண்டும். வாப்பாவுக்கு வியர்த்து ஊற்றியது. என்னைப் பிடித்துக் காக்காவிடம் தள்ளினார்.

"காக்கா, மானம் போகப் போகுது. இந்தச் சஹன்ல ஆக்கள இருத்தட்டா?"

அவர் சாச்சாமாரை ஏற இறங்கப் பார்த்தார். குடையை எடுத்தார். அடிதான் என்று நான் ஒதுங்கினேன். அவரோ பாயைச் சுற்றிவரக் குத்திப் பார்த்தார்.

"வாங்க. சொன்ன இடத்திலதான் இரிக்கணும். நீங்க பண்டாரட இடம். அவன் நல்லாத் தின்பான், அவன்ட பேரக் கெடுத்திராதீங்க. நீங்க சுனில். அவன் கதைச்சிக் கதைச்சித்தான் தின்பான். ம், கதைங்க!"

சுனிலாகிப்போன சாச்சா திருதிருவென்று விழித்தார். பிறகு இறக்காமத்தில் தன் வயலுக்குள் யானை வந்த கதையை எடுத்துவிட்டார். காக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

ஓர் இடம் மிச்சமிருந்தது.

"நீ இரி மனே. அது ஜயந்தட இடம்."

சமையல் பந்தலில் ருசி பார்த்தே என் வயிறு முட்டியிருந்தது. "பசியில்ல காக்கா."

சஹனில் கிடந்த பெரிய இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளினார்.

"தின்னுடா. அண்டைக்கு, வந்து திங்கிறன் எண்டுதானே போனாய்."

நான் அந்த இடத்தில் குந்தினேன். எலும்பு வரை தின்றேன்.

இப்போதும் கலியாண வீடுகளில் அந்தக் குடை தட்டும் சத்தம் கேட்டால், எந்தச் சஹனில் இருந்தாலும் எழுந்து போய் ஜயந்தவின் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.