தொட்டியில் குறைந்த எண்ணெய்

“சார், தொட்டியில எண்ணெய் ஏறல. இறங்குது” என்றார் ஆபரேட்டர் சந்திரமோகன்.

ஜகதீசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மல்லாபூர் கிரீஸ் கம்பெனியில் அவன் இன்ஜினியராகச் சேர்ந்து மூன்று மாதம். வாசலில் நிற்கும் ஆமணக்கெண்ணெய் டேங்கரை நாலு மணிக்குள் முடித்து அனுப்பினால்தான் மேனேஜர் லக்ஷ்மிநாராயணன் வேலையை நிரந்தரமாக்குவார். இல்லாவிட்டால் அவன் சேலத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். மனைவி அஸ்வினி மாதாப்பூர் சாஃப்ட்வேர் வேலையோடு ஹப்சிகுடாவில் தனியாக இருப்பாள். கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை, பாவம்.

அதனால்தான் அத்தனை அவசரம். ஏதோ சொல்ல வந்த லாரி டிரைவர் நூர் முகமதுவைக்கூட, “எல்லாம் எனக்குத் தெரியும், நீங்க போய் சாயா குடிங்க பாய்” என்று விரட்டிவிட்டுத்தான் குழாயை மாட்டிப் பம்பைப் போட்டான்.

“இறங்கவே இறங்காதுங்க. பம்புக்குள்ள ரெண்டு பல்சக்கரம் இருக்கு. பல்லிடுக்குல சிக்கின எண்ணெயை ஓரமா சுமந்துட்டுப் போய் அந்தப் பக்கம் தள்ளும். நடுவுல பல்லும் பல்லும் பூட்டிக்கும். திரும்பி வர வழியே கிடையாது.”

“அது சரி சார். ஆனா பாதிக்கு வந்துடுச்சே!”

அழுத்தம் கூடினால் திறக்கும் உபரி வால்வில் கசிவு என்று முடிவுகட்டி அதை இறுக்கினான். எண்ணெய் கால்வாசிக்கு வந்தது. வேகம் போதவில்லை என்று மோட்டாரை முடுக்கினான். ஐயோ, தொட்டியின் அடி தெரிந்தது!

அப்போதுதான் மோட்டாரின் விசிறியைக் கவனித்தான். எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. நேற்று வயர் மாட்டிய எலக்ட்ரீஷியன் இரண்டை இடம் மாற்றிவிட்டான். சக்கரம் திரும்பினால் எண்ணெயும் திரும்பும். இது தெரியாமல் என்ன இன்ஜினியர் என்று தன்னையே நொந்துகொண்டான். அவமானத்தில் கண் கலங்கியது.

மேனேஜர் அறைக்குள் நுழைந்ததும் உடைந்துபோனான்.

“சார், பம்ப் தலைகீழா ஓடிடுச்சு. நம்ம தொட்டி எண்ணெய் மொத்தமும் லாரிக்குள்ள போயிடுச்சு. லாரி மேல ஏறிப் பார்க்கவே பயமா இருக்கு. நானே ராஜினாமா எழுதிக் குடுத்துடறேன்.”

“எதுக்குய்யா அழற?” என்று லக்ஷ்மிநாராயணன் கண்ணாடியைக் கழற்றினார்.

அதற்குள் நூர் முகமது கதவைத் தள்ளிக்கொண்டு வந்து ஜகதீசனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ரொம்ப தேங்க்ஸ் சார்! காலி வண்டியை நிறுத்திட்டுப் போனேன், ஒரு சாயா குடிச்சு வர்றதுக்குள்ள லோடு ஏத்தி முடிச்சுட்டீங்களே!”