சாமியறைக்குள் போன பிளொப்பி

இந்த விஜயதசமிக்கு உரும்பிராயில் ஒரு பிள்ளையாவது அரிசியில் எழுதாமல் கொம்பியூட்டரில் எழுதி ஏடு தொடக்க வேண்டும். எண்பத்தொன்பதாம் ஆண்டு புரட்டாதி மாதம் நான் எடுத்த முடிவு இது. பதினெட்டு வருடம் லண்டனில் இருந்து திரும்பியவன் ஊருக்கு வேறு என்னத்தைக் கொடுப்பது? வெயில் இங்கேயே இருக்கிறது.

மூன்று வாரம் இருந்து ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு விசையைத் தட்டினால் திரை நிறைய, நட்சத்திரம் நட்சத்திரமாக, 'அ' வரும். பக்கத்து வீட்டு ஆழ்வாப்பிள்ளை அண்ணை தன் பேத்தியைத் தரச் சம்மதித்தார். ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று.

இந்த வீட்டில் சம்மதிக்காத ஒரே ஆள் என் மனைவி மீனாம்பிகை. அவளுக்கு முன்னறையில் கண். அங்கே தையல் வகுப்பு வைக்க வேண்டுமாம். என் கொம்பியூட்டர் அங்கே வெளிச்சத்தில் இருக்க, அவளுடைய தையல் மெசின் குசினிக்குப் பக்கத்து இருட்டறையில் கிடக்கிறதாம். ஒரு வருடமாக இதே கதை.

நவமியன்று காலை வந்தாள்.

"இஞ்சாருங்கோ, எல்லாரும் புத்தகம் வைக்கினம். உங்கடை பெட்டியையும் பூசைக்கு வைப்பமே?"

"மீனா, அது பெட்டியில்லை, கொம்பியூட்டர். சந்தனம், சாம்பிராணி ஒண்டும் அதுக்கு ஆகாது."

"அப்ப அதின்ரை குட்டியள் கிடக்குது, சதுரம் சதுரமாய். அதிலை ஒண்டைத் தாங்கோவன்."

தாராள மனதோடு, கொம்பியூட்டரை இயக்கும் பழைய சிஸ்டம் இருந்த பிளொப்பித் தட்டை உறையோடு எடுத்துக் கொடுத்தேன். லண்டனிலிருந்து மருமகன் புதுச் சிஸ்டம் அனுப்பியிருந்தான். இன்றைக்கே ஏற்றப் போகிறேன். பழையது இனி எதற்கு?

"சந்தனம் பட்டால் உதுவும் பழுதாப் போகும், கவனம்" என்றேன். தேவையில்லாத சாமானுக்கும் எச்சரிக்கை சொல்வது என் சுபாவம்.

"நாளைக்கு ஊரே வரப்போகுது. இண்டைக்கு ஏன் நல்லா இருக்கிறதை நோண்டுறியள்?"

"உமக்கு விளங்காது."

விளங்காதவள் போய்விட்டாள். விளங்கியவன் உட்கார்ந்தேன். முதல் பிளொப்பி ஏறியது. இரண்டாவது பாதி ஏறியது. கறண்ட் போனது.

இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு கறண்ட் வந்தது. சிஸ்டம் வரவில்லை. பழையதில் பாதி அழிந்து, புதியதில் பாதி ஏறி, இரண்டுக்கும் சொந்தமில்லாமல் நின்றது கொம்பியூட்டர். மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். மருமகன் கொப்பியடித்து அனுப்பிய மூன்றாவது பிளொப்பி கர் கர் என்று அறுத்ததே தவிர வாசிக்கப்படவில்லை. திரையில் ஒரு வரி: சிஸ்டம் பிளொப்பியைப் போடவும்.

என்னை மீட்கக்கூடிய ஒரே பிளொப்பி சாமியறையில், பதினேழு புத்தகங்களுக்கு அடியில், கும்பத்துக்கு முன்னால்!

"மீனா, அந்தப் புத்தகங்களுக்குக் கீழை இருக்கிறதை ஒருக்கால் எடுத்துத் தாரும்."

"நாளைக்குப் பூசை முடியத் தாறன். வைச்சதை இடையிலை எடுக்கிறதே?"

"நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு ஆக்கள் வருகினம்!"

"சரஸ்வதியும் ஏழு மணிக்குத்தான் எழும்புவா."

நான் ஆங்கிலத்தில் சிந்தித்துத் தமிழில் கோபப்படுகிற ஆள். அன்று சிந்தனையும் தமிழிலேயே வந்தது. இது என் பிளொப்பி! என் காசில் வாங்கியது! என் வீட்டுச் சாமியறை!

அவள் கிணற்றடிக்குப் போன நேரம் மெல்ல உள்ளே போய்ப் புத்தகக் கட்டுக்குள் கையை விட்டேன். கும்பத்துத் தேங்காய் ஆடியது.

"குளிக்காமல் சாமியறைக்குள்ளை என்ன தேடுறியள்?"

குளித்துவிட்டு வந்தேன். அவள் வாசற்படியில் பூக்கூடையோடு உட்கார்ந்து மாலை கட்டத் தொடங்கியிருந்தாள். மூன்று மணித்தியாலம் கட்டினாள். அவ்வளவு நீள மாலை நல்லூர்த் தேருக்கும் கட்டியிருக்க மாட்டார்கள்.

வேலிக்கு மேலால் ஆழ்வாப்பிள்ளை அண்ணையின் தலை தெரிந்தது.

"தம்பி அருளம்பலம், நாளைக்குப் பத்துப்பேர் வாறம். கோப்பாயிலையிருந்து சம்பந்தி வீட்டாரும் வருகினம். எல்லாம் ரெடிதானே?"

"ஓம் அண்ணை, ஓம்!"

தலை மறைந்தது. நான் வாசற்படிக்குப் போனேன்.

"மீனா, இதுக்கு ஒரு வழியும் இல்லையே?"

"இருக்கு. சாமியிட்டை ஒண்டை எடுத்தால் ஒண்டைக் குடுக்கவேணும்."

"என்ன, தேங்காயோ?"

"முன்னறை."

அநியாயம்! பகற்கொள்ளை! அதுவும் சாமியின் பெயரால்! அரைமணித்தியாலம் முற்றத்தில் மேலும் கீழும் நடந்தேன். சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் இருட்டுத் திரையைத் திறந்து காட்டுவதை நினைத்துப் பார்த்தேன். திரும்பி வந்து, கொளுத்திய கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தேன். நாளையிலிருந்து முன்னறை தையல் வகுப்புக்கு.

அவள் எழுந்தாள். சாமியறைக்குள் போகவில்லை. நேரே இருட்டறைக்குப் போய், தையல் மெசின் லாச்சியைத் திறந்து, வெள்ளைத் துணியில் சுற்றிய பிளொப்பியை எடுத்து வந்து நீட்டினாள். ஒரு தூசி இல்லை.

"அப்ப... சாமியறையிலை இருக்கிறது?"

"வெறும் உறை. சந்தனம் பட்டால் பழுதாப் போகுமெண்டு நீங்கள்தானே சொன்னியள்?"

"காலமையிலையிருந்து உது உம்மட்டையே கிடந்தது?"

"நீங்கள் உறைக்குள்ளை இருக்கிறதை எங்கை கேட்டனீங்கள்? புத்தகத்துக்குக் கீழை இருக்கிறதையெல்லோ கேட்டனீங்கள்."

பிளொப்பியைப் போட்டேன். பழைய சிஸ்டம் மெல்ல மெல்ல ஏறியது. நாலு மணிக்குத் திரை நிறைய 'அ' மின்னியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்னறை போனாலும் மானம் மிஞ்சியது.

விஜயதசமி காலை ஏழு மணி. ஆழ்வாப்பிள்ளை அண்ணை, புதுச்சட்டையோடு பேத்தி, சம்பந்தி வீட்டார், எல்லாரும் கொம்பியூட்டருக்கு முன்னால். ஆளியைத் தட்டினேன்.

கறண்ட் இல்லை.

மீனாம்பிகை தட்டில் அரிசியைப் பரப்பிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். எப்போது பரப்பினாளோ! பிள்ளை அரிசியில் 'அ' எழுதியது. எல்லாரும் கைதட்டி, கடலை சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கொம்பியூட்டரும் தையல் மெசினும் அறை மாறின. எட்டு மணிக்குத் தையல் பழக நாலு பெட்டையள் துணிப்பையோடு வந்தார்கள். கறண்ட் கேட்காத அந்தக் கால்மிதி மெசின் முன்னறையில் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

நான் கொம்பியூட்டரோடு இருட்டறையில் உட்கார்ந்திருந்தேன். மீனாம்பிகை எட்டிப் பார்த்து, மடியில் தட்டை வைத்தாள்.

"கறண்ட் வருமட்டும் சும்மாதானே இருக்கிறியள்? இந்த அரிசியிலை கல்லைப் பொறுக்குங்கோ."