பாண் ஓட்டோவும் நிரந்தர வேலையும்

முழங்கால் வீக்கத்துக்குச் சம்பளத்தோடு இரண்டு நாள் லீவு கேட்டபோதுதான், பல வருசமாகத் தெருத்தெருவாகப் பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோ ஓட்டும் தனக்கு லீவு என்ற ஒன்றே கிடையாது என்பது யோகராஜாவுக்குத் தெரியவந்தது.

"லீவெல்லாம் வேலையாளுக்குத்தானே யோகு," என்றார் பேக்கரி முதலாளி. "நீ கொன்ட்ராக்ட் ஆள். உன் தொழிலுக்கு நீயே ராஜா."

ராஜா நொண்டிக்கொண்டு மஹய்யாவ பகுதியில் இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

மனைவி சுதர்சினி விடவில்லை. "நேரம் சொல்றது அவரு. வழி சொல்றது அவரு. சட்டையக் குடுத்துப் போடச் சொல்றதும் அவரு. அப்புறம் நீங்க எப்படித் தனி ஆளு? லேபர் ஒபிஸுக்குப் போங்க. வேலை நிரந்தரமாகாம இந்தக் காலுக்கு வைத்தியம் நடக்காது."

நேரம், வழி, சட்டை என்று மனப்பாடம் செய்துகொண்டு போய் முறைப்பாடு கொடுத்தார். முதலாளி லேசுப்பட்டவரா? "அவனுக்கு முடியாத நாள்ல மச்சினன அனுப்புறான். வேலையாள் அப்படி ஆள் மாத்துவானா?" என்று அதிகாரியிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்.

அது பொய்யும் இல்லை. கால் வலிக்கிற நாளில் சுதர்சினியின் தம்பி கிருபாதான் ஓட்டினான். கொஞ்ச காலமாகக் கால் வலிக்காத நாளே இல்லை.

சமாளிக்க ஒரே வழி, எல்லாம் முதலாளி சொல்படிதான் நடக்கிறது என்பதற்குக் கிருபாவையே சாட்சிக்குக் கூட்டிப்போவது. பஸ்ஸில் பாடம் எடுத்தார். "கேட்டதுக்கு உண்மையச் சொல்லு. பயப்படாத."

"சரி மச்சான்."

அதிகாரி ஸஹ்ராவின் முன்னால் யோகராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மிஸ், நேரம், வழி, சட்டை. இந்த மூனையும் சொல்றவர்தான் முதலாளி. வேற பேச்சே கிடையாது."

தன் பேச்சு தனக்கே பிடித்துப்போய், இன்னொரு தடவையும் சொன்னார். ஸஹ்ரா தலையாட்டிவிட்டுக் கிருபாவின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு நேரம் சொல்றது யாரு?"

"மச்சான்."

"வழி?"

"மச்சான்தான். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் திரும்பினா ஏசுவாரு."

"சட்டை?"

"அவரோட பழசு மிஸ். பொத்தான் இல்ல."

"லீவு கேட்டா?"

கிருபா வெட்கத்தோடு சிரித்தான். "நீ கொன்ட்ராக்ட் ஆள்தானேம்பாரு."

யோகராஜாவுக்கு முழங்கால் வலி மறந்தே போனது. பேக்கரி முதலாளியைத் தினமும் திட்டிய அதே வாயால் தானும் அதையேதான் சொல்லிவந்திருக்கிறோம் என்று நினைக்க, அவமானமாக இருந்தது. மெல்லக் கதிரையைப் பின்னால் நகர்த்தினார்.

ஸஹ்ரா புதுப் படிவம் ஒன்றை எடுத்துக் கிருபாவின் முன்னால் வைத்தார்.

"தம்பி, முறைப்பாட்ட நீங்க எழுதுங்க. முதலாளி பேரு யோகராஜான்னு போடுங்க."