சத்தம் போடாத பம்ப்

எங்கள் வீட்டில் ஒரு பொருளையாவது நான் சொல்கிற இடத்தில் வைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். வீடு என் மனைவி மேர்சியின் சீதனம். கோப்பாயிலிருந்து குருநகருக்கு வந்து, அலுமாரிக்கும் கதிரைக்கும் அடுத்ததாக ஒரு ஓரத்தில் வைக்கப்பட்டவன் நான்.

பொருள் கிடைத்தது. மகள் ஜெயனி பேராதனைக்குப் படிக்கப் போகும்போது தன் இரண்டு தங்கமீன்களையும் தொட்டியோடு என்னிடம் விட்டாள்.

“அப்பா, நான் வரேக்கை ரெண்டும் உயிரோடை நிக்கவேணும்.”

மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே மேலே வந்தன. மீன்தொட்டிக் கடை லெனாட், காற்று ஊதுகிற பம்ப் ஒன்றைத் தந்தான். உள்ளங்கை அளவு. அதன் குழாய் தண்ணீருக்குள் போகும், குமிழி வரும். பம்பை, தொட்டி இருந்த மேசைக்குக் கீழே, நிலத்தில் வைத்தேன்.

“இஞ்சாருங்கோ, உதை அலுமாரிக்கு மேலை வையுங்கோ” என்றாள் மேர்சி.

“மேலையோ? கோப்பாயிலை தண்ணி இறைக்கிற மிசினை ஆராவது பனையிலை ஏத்தி வைக்கிறவையோ?”

“எங்கடை அப்பா பீப்பாயிலையிருந்து வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் விடேக்கை குழாயை ஒருக்கா வாயாலை உறிஞ்சுவார். பிறகு அது தன்ரை பாட்டுக்குக் கீழை ஓடும்.”

“அது எண்ணெய். இது காத்து.”

“சரி. அப்ப உந்தச் சத்தத்துக்கு என்ன செய்யப் போறியள்? வண்டு கத்துற மாதிரிக் கிடக்கு.”

பிஸ்கற் பெட்டியொன்றைக் கவிழ்த்து மூடினேன். சத்தம் குறைந்தது. மறுநாள் அறவே இல்லை. குமிழி மட்டும் வந்தது. வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் குனிய வைத்தேன்.

“காதை வையுங்கோ. கேக்குதோ?”

“இல்லை.”

“அதுதான்!”

தில்லைநாதன் மாஸ்ரர் நிமிர்ந்தபோது மூக்கைச் சுளித்தார். பொறாமை என்று நினைத்தேன். மேர்சி தேத்தண்ணீரோடு பேசாமல் நின்றாள். அதையும் என் வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு பூசையில், பிரசங்கத்தின் நடுவே விசிறிகள் நின்றன. கரண்ட் போய்விட்டது. பக்கத்திலிருந்த லெனாட் என் காதருகே குனிந்தான்.

“அண்ணை, பம்ப் தண்ணி மட்டத்துக்கு மேலைதானே?”

“கீழை.”

“ஐயோ! ஊதுறது நிண்டால் தண்ணி குழாயாலை திரும்பி இறங்கும். தொட்டி வத்திப்போம்.”

ஜெயனியின் முகம் தெரிந்தது. சுவாமியார் பார்க்கப் பார்க்க எழுந்து ஓடினேன். பெண்கள் பக்கத்தில் மேர்சி தலையைக்கூடத் திருப்பவில்லை.

வீட்டில் நிலம் காய்ந்து கிடந்தது. தொட்டி நிறையத் தண்ணீர். மீன்கள் இரண்டும் என்னைப் பார்த்துவிட்டு, முக்கியமில்லை என்று திரும்பின. பெட்டியைத் தூக்கினேன். அடியில் வெங்காயம். என் தங்கச்சி கோப்பாயிலிருந்து அனுப்பியது. பம்ப் அலுமாரிக்கு மேலே, மடித்த என் கலியாண வேட்டியில் படுத்திருந்தது. குழாய் திரைச்சீலைக்குப் பின்னால் ஏறிப் போயிருந்தது.

பூசை முடிந்து மேர்சி வந்தாள்.

“எப்ப மாத்தினனி?”

“அண்டைக்கே. நீங்கள் குளிக்கப் போகேக்கை.”

“எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னனான். நீங்கள் பனையைப் பற்றிக் கதைச்சியள்.”

உயிரோடு நிற்கிற மீன்களைப் பார்த்தேன். நன்றி சொல்ல வாயெடுத்தபோது படலை திறந்தது. லெனாட். என்ன நடந்ததென்று பார்க்க வந்திருந்தான். சட்டென்று பெட்டியை வெங்காயத்தின் மேல் கவிழ்த்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் வந்தது. தொட்டியில் குமிழி எழுந்தது.

“எப்பிடியண்ணை தண்ணி இறங்கேல்லை?”

மேர்சிதான் முன்னுக்கு வந்தாள்.

“இவர் ஏதோ வேலை செய்து வைச்சிருக்கிறார், லெனாட். பெட்டியிலை காதை வைச்சுப் பாருங்கோ. சத்தமே இல்லை.”

லெனாட் குனிந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், மிகுந்த நன்றியோடு நானும் அவன் பக்கத்தில் குனிந்து, வெங்காயத்துக்குக் காது கொடுத்தேன்.