பச்சை ஆறு, சிவப்பு ஐந்து

உருட்டுச்சாமி ஏமாற்றுக்காரர் என்று யாரும் வாய் திறக்க முடியாது. பகடையை அவர் விரலால்கூடத் தொடுவதில்லை. இரண்டு பகடைகளை நீங்களே வீட்டிலிருந்து கொண்டு வரலாம். கடையில் புதிதாக வாங்கியும் வரலாம். உருட்டுவது நீங்கள். விழுந்த புள்ளிகளைக் கூட்டுவதும் நீங்கள். அவர் செய்வதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும். இவ்வளவு நாணயமான மனிதரைப் பார்க்கத்தான் சலவைக்கடையின் மாடிப்படி முழுக்கக் கூட்டம்.

அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை. அதில் இரண்டு முதல் பன்னிரண்டு வரை எண்கள். இரண்டு, மூன்று, நான்கு, பத்து, பதினொன்று, பன்னிரண்டு எல்லாம் பச்சை. நினைத்த காரியத்தைச் செய்யலாம். ஐந்திலிருந்து ஒன்பது வரை சிவப்பு, செய்யக்கூடாது. பச்சை ஆறு, சிவப்பு ஐந்து. பக்தர்களுக்கு ஒன்று கூடுதலாகவே கொடுத்திருக்கிறார், மகான்!

சிவப்பு விழுந்தால் குடி முழுகிவிடாது. சாமியிடம் ஒரு கண்ணாடி மணியை விலைக்கு வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அடுத்த வாரம் வந்து மறுபடி உருட்ட வேண்டும். அப்போதும் சிவப்பென்றால் இன்னொரு மணி. அதனால்தான் படியில் நிற்கும் வரிசை எப்போதும் கிலுகிலுவென்று ஒலித்துக்கொண்டிருக்கும். நிறைய மணி சேர்ந்தவர்களுக்கு உட்கார நாற்காலி உண்டு. இத்தனை முறை ஏமாந்தவர் நிற்கலாமா?

"பச்சை அதிகமா இருந்தும் நமக்குச் சிவப்பே விழுதுன்னா, சாமி மேல என்ன தப்பு? நம்ம நேரம் அப்படி," என்று நாற்காலியிலிருந்து பெருமூச்சு விட்டார் ஒன்பது மணிக்காரர். எல்லோரும் தலையாட்டினார்கள். மணிகளும் ஆமாம் போட்டன.

அந்த வரிசையில் இரண்டு மணிகளோடு ஓர் எலக்ட்ரீஷியன் நின்றார். தையல் வேலை செய்யும் அவருடைய தங்கைக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் அண்ணன் இங்கே வந்து உருட்டினார். சிவப்பு. கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டார். வீட்டு ஆள் கையெழுத்து இல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுத்தார்கள். இனியும் தள்ளிப் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாவது முறையாகக் குறித்த நாள் மறுநாள்.

இந்த முறை தங்கையும் வந்திருந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று.

"இந்த வலியோட நீ எதுக்கும்மா வந்தே? நான் கேட்டுட்டு வர மாட்டேனா?"

"வயிறு என்னுதாச்சே அண்ணே. தீர்ப்பை நேர்லயே கேட்டுக்கறேன்."

அவள் கையில் ஒரு வெள்ளைப் பகடையும் ஒரு நீலப் பகடையும் இருந்தன. வீட்டில் ஒத்திகை பார்ப்பதற்காக அண்ணன் வாங்கி வைத்தது இரண்டு வெள்ளை. அதில் ஒன்று பீரோவுக்கு அடியில் போய்விட்டது. பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு நீலத்தை எடுத்து, படுத்துக்கிடந்த நேரமெல்லாம் அவள் உருட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு மணி மாட்டிக்கொள்வார்.

அவர்கள் முறை வந்தது.

"உருட்டும்மா," என்றார் சாமி, கண்ணைத் திறக்காமல்.

"உருட்டறேன் சாமி. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேண்டுகோள். போர்டுல நிறத்தை மட்டும் மாத்திடுங்க. பச்சையெல்லாம் சிவப்பு, சிவப்பெல்லாம் பச்சை. ஆறை நீங்க வெச்சுக்குங்க. எங்களுக்கு அஞ்சு போதும்."

சாமியின் கண்கள் திறந்தன.

"அது ஆகாதும்மா. எண்கள் மேல கை வைக்கக் கூடாது."

"கூடுதலாத்தானே சாமி தர்றேன்?"

"நல்ல மனசு இந்தப் பொண்ணுக்கு! வாங்கிக்குங்க சாமி!" என்று பரிந்து பேசினார் ஒன்பது மணிக்காரர்.

"முடியாதுன்னா முடியாது!"

சாமிக்கு வேர்த்தது. ஒன்று கூடுதலாகக் கிடைப்பதற்கு வேர்க்கும் மனிதரைக் கூட்டம் அன்றுதான் பார்த்தது.

"ஏன் முடியாதுன்னு நான் சொல்றேன்," என்று பகடைகளைத் தரையில் வைத்தாள் தங்கை. "ரெண்டும் ஒரே நிறமா இருந்தா நமக்குத் தெரியறதில்ல. பன்னெண்டு விழணும்னா வெள்ளையும் ஆறு காட்டணும், நீலமும் ஆறு காட்டணும். வேற வழி கிடையாது. ஏழு அப்படியா? வெள்ளை என்ன காட்டினாலும் சரி, அதை ஏழாக்க நீலத்துல ஒரு பக்கம் காத்துக்கிட்டிருக்கு. வெள்ளை மூணு நீலம் நாலு ஒரு ஜோடி. வெள்ளை நாலு நீலம் மூணு வேற ஜோடி. இப்படி ஏழுக்கு மட்டும் ஆறு ஜோடி. மொத்தம் முப்பத்தாறு ஜோடி இருக்கு. அதுல சாமியோட பச்சைக்குப் பன்னெண்டு, சிவப்புக்கு இருபத்தி நாலு."

"அப்போ... நம்ம நேரம்?" என்றார் ஒன்பது மணிக்காரர்.

"நேரம் இல்லைங்க. போர்டு. என்னையும் நம்பாதீங்க, நீங்களே உருட்டிப் பாருங்க."

படியெங்கும் பகடைகள் உருண்டன. "சிவப்பு!" "எனக்கும் சிவப்பு!" "பச்சை!" "சிவப்பு!" "அட, மறுபடியும் சிவப்பு!" கூட்டம் நிமிர்ந்து பார்த்தபோது சாமியின் இருக்கை காலி. பின்படி வழியாகப் போய்விட்டார். பலகையை விட்டுவிட்டார், மணிப்பெட்டியை மறக்கவில்லை.

அண்ணனும் ஒரு மூலையில் உருட்டியிருந்தார். திடீரென்று துள்ளி எழுந்தார்.

"தங்கச்சி, ஏழு! நீ சொன்ன மாதிரி மாத்திப் பார்த்தா இது பச்சை! கையெழுத்துப் போட்டுடறேன்!"

அவளுக்கு வயிற்று வலியே பரவாயில்லை என்று தோன்றியது.

"அண்ணே, டாக்டர் என் வயித்தைப் படம் எடுத்துப் பார்த்தாரு. இந்தப் பகடை எதைப் பார்த்துச்சு?"

அண்ணன் மெல்ல இரண்டு மணிகளையும் கழற்றினார்.

மறுநாள் கையெழுத்து விழுந்தது. கல்லும் வெளியே வந்தது.

அவள் மறுபடி தையல் மிஷினில் உட்கார்ந்த அன்று, ஒன்பது மணிக்காரர் வாசலில் வந்து நின்றார். கழுத்தில் மணிகள் அப்படியே இருந்தன.

"அம்மா, உன்னோட அந்த நீலப் பகடை ரொம்ப ராசியாமே? பையன் புது வேலைக்குப் போகலாமான்னு கேட்கணும். ஒரே ஒரு தடவை கொடேன்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கழுத்துல ஒன்பது மாட்டியிருக்கீங்களே ஐயா, கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே, அதுக்கு எப்போ வேலை கொடுக்கப் போறீங்க?"